பழைய நாற்காலி ஒன்று தேடி

பழைய பொருளைச் சுட்டுவதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. பழையது, பழங்காலத்தது, தொன்மையானது, தொல்பொருள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் பழைய மரச்சாமான் விற்கும் கடைத்தெருவில் இவற்றில் எதுவும் செல்லுபடியாவதில்லை. அங்கே புழங்குபவை இரண்டே சொற்கள்: ஒன்று ஆன்டிக், மற்றது செகண்ட்ஹேண்ட். ஒரே மேசையை முதற்சொல்லால் அழைத்தால் விலை ஏறும், இரண்டாவதால் அழைத்தால் இறங்கும். இவை இரண்டுக்கும் நடுவே விண்டேஜ் என்ற மூன்றாவது சொல்லும் பின்னர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. நூறு ஆண்டைக் கடந்தது ஆன்டிக், அதற்கு இளையது விண்டேஜ் என்பது பொதுவான வழக்கு. நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டமும் நூறு ஆண்டையே எல்லையாக வைத்திருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிய தொல்பொருளைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஊருக்கு வரும்போதெல்லாம் தேர்ச்சக்கரத்தையும் வாசற்கதவையும் விலை கேட்கும் வெளிநாட்டு நண்பர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

ஆனால் வீட்டுக்காகப் பழைய மரச்சாமான் வாங்கப் புறப்படுகிறவனுக்கு இந்த வயதுக் கணக்கு பெரிதாக உதவுவதில்லை என்பது என் எண்ணம். நாற்காலியின் வயதைவிட அதில் உட்காரப்போகிறவரின் வயது முக்கியமானது. இது எனக்கு என் அம்மாவின் வழியாகத்தான் தெரிந்தது.

அம்மாவுக்கு 82 வயது. புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் இருந்த வீட்டை விற்றுப் பங்கு பிரித்தபின் அவர் சென்னைக்கு, என்னுடைய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தார். அவருடன் வந்தவை ஒரு டிரங்குப் பெட்டியும் அப்பாவின் ஈசிச்சேரும்தான். ஏழடி உயர மர பீரோ ஒன்று இருந்தது. அது லிஃப்டுக்குள் நுழையாது, மாடிப்படித் திருப்பத்திலும் திரும்பாது என்பதை நூல்பிடித்து அளந்துபார்த்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு அனுப்பினோம். ஈசிச்சேரைப் பால்கனிக் கதவருகே போட்டோம். அம்மா அதில் ஒருநாளும் உட்காரவில்லை. வந்துபோன உறவினர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். அவர் உட்கார்ந்த இடத்தில் எப்படி உட்காருவது என்ற தயக்கம் என்றார் ஒருவர். பார்த்தாலே துக்கம் வரும், உள்ளே எடுத்து வைத்துவிடு என்றார் இன்னொருவர். அம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னது வேறு.

"அதுல உக்காந்தா எந்திரிக்க ஒரு ஆள் வேணும்டா. அப்பாவுக்கு நான் இருந்தேன்."

எழுந்திருத்தல் என்ற செயலைப் பற்றி நாம் முழங்கால் நன்றாக இருக்கும்வரை யோசிப்பதில்லை. இருக்கை முழங்காலைவிடத் தாழ்ந்திருந்தால் உடலின் பாரம் பின்னாலேயே தங்கிவிடும். அதை முன்னால் கொண்டுவந்து கால்களின்மேல் நிறுத்த வேண்டும். அதற்குக் கைகள் ஊன்ற ஓர் இடம் வேண்டும். அந்த இடமும் இருக்கையின் முன்விளிம்புவரை வந்திருக்க வேண்டும். இன்றைய சோபாக்கள் இந்த எல்லாவற்றுக்கும் எதிராகச் செய்யப்பட்டவை. உட்கார்ந்ததும் உள்ளே அமுங்கும், ஆழம் அதிகம், கைப்பிடி முழங்கைக்கு மெத்தையாக இருக்குமேயன்றி உள்ளங்கைக்குப் பிடிமானமாக இராது. பிளாஸ்டிக் நாற்காலியோ ஊன்றி எழும்போது வழவழத்த தரையில் கால் விரிக்கிறது. நான்கு மாதம் அம்மா சாப்பாட்டு மேசையின் நாற்காலியிலேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார். எழும்போது மேசையைப் பிடித்துக்கொள்வார். மேசை இல்லாத இடத்தில் என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார் என்பது மருத்துவரிடம் போனபோது தெரியவந்தது.

எனக்குத் தாலுகா அலுவலகங்களில் சிறுவயதில் பார்த்த கச்சேரி நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. ஒரு குமாஸ்தா காலை முதல் மாலைவரை உட்கார்ந்து, நூறு முறை எழுந்து, கோப்பு எடுத்து, மறுபடி உட்காருவதற்கென்று செய்யப்பட்டவை. நிமிர்ந்த முதுகு, பிரம்புப் பின்னல், நேராக முன்னால் வந்து முடியும் அகலமான கைகள். அவற்றில் அலங்காரம் எதுவும் கிடையாது. அப்படி ஒன்றைப் புதிதாகச் செய்யச் சொல்லலாம்தான். ஆனால் நன்றாக உலர்ந்த தேக்குக்கும் அதை அறிந்த தச்சருக்கும் இன்று அலைய வேண்டியிருக்கிறது. ஊரில் ஒரு திருமணத்துக்குப் போனபோது அம்மாவையும் அழைத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போனேன். சட்டைக்கு அளவெடுக்க ஆள் போகத்தானே வேண்டும்.

காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெருவை அறியாதவர்கள் இலக்கிய வாசகர்களில் குறைவாகவே இருப்பார்கள். எனாமல் தூக்குச் சட்டிகள், நின்றுபோன சுவர்க் கடிகாரங்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், பர்மாவின் அரக்குப் பூச்சுக் கூடைகள், ரவிவர்மா அச்சுப்படங்கள், இவற்றுக்கு இடையே நடக்கவும் வழியின்றி அடைந்துகிடக்கும் மரம். தூண், நிலை, கதவு, உத்தரம், கட்டில், பெட்டி. இவ்வளவும் எங்கிருந்து வருகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நகரத்தார் பர்மாவில் ஈட்டிய செல்வம் தேக்காகக் கப்பலேறி வந்து செட்டிநாட்டில் வீடுகளாக நின்றது. 1930களின் பொருளாதார மந்தத்துக்குப் பின் கீழ்ப்பர்மாவின் நெல்விளையும் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. பர்மா விடுதலை பெற்ற 1948இல் நிலம் தேசியமயமாக்கப்பட்டது. 1962இல் ராணுவ ஆட்சி வந்தபின் மிச்சமும் போயிற்று. வருமானம் நின்றது, வீடுகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. ஒரு வீட்டுக்குப் பேரன், பேரனுக்குப் பேரன் என்று பல பங்காளிகள். ஓட்டை மாற்றுவதற்குக்கூட எல்லோரும் ஒப்ப வேண்டும். பிரித்து விற்பது அதைவிட எளிது. 2014இல் செட்டிநாட்டின் ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. பிரித்தெடுத்த கதவுகள் கடைவீதிக்கு வருவது அதனால் நின்றுவிடவில்லை.

எங்கள் வீட்டையும் அப்போதுதான் பிரித்து விற்றிருந்தோம் என்பதால் எனக்கு அந்தத் தெருவில் நடப்பது எளிதாக இல்லை. அம்மாவுக்கு அந்தச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. "வீடு போனாலும் கட்டையாச்சும் பொழைக்குதே" என்றார்.

பிழைக்கிறதா என்பதில்தான் எனக்குக் கேள்வி. வாசற்கதவைக் கிடத்தி மேலே கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசை ஆக்குகிறார்கள். செதுக்கு வேலைப்பாட்டின் பள்ளங்களில் சோற்றுப் பருக்கை போய்ச் சேரும். தூணை அறுத்து விளக்குத் தண்டாக்குகிறார்கள். உரலைக் குடைந்து பூத்தொட்டி. இவற்றை ஓர் உணவகத்தில் பார்த்தால் மன்னிக்கலாம். வீட்டில் இவை இரண்டாம் மாதமே இடைஞ்சலாகிவிடுகின்றன. ஒரு பொருள் எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையை, அல்லது அதற்கு மிக நெருங்கிய வேலையை நம் வீட்டில் தொடர முடியுமானால் வாங்கலாம். இல்லையென்றால் அதைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், பார்ப்பதற்குக் காசில்லை.

இதே கணக்கில்தான் நான் ஒன்றை விட்டுவந்தேன். கணக்குப்பிள்ளை மேசை. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதுவதற்கானது. சரிந்த மூடி, திறந்தால் உள்ளே மைக்கூட்டுக்கும் சில்லறைக்கும் தனித்தனி அறைகள், ஓரத்தில் பித்தளைப் பூண். எழுதுகிறவன் எவனுக்கும் அதைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து எழுதுவதற்கு யாருடைய முட்டியும் தயாராக இல்லை. வாங்கினால் அது தொலைக்காட்சிப் பெட்டியைத் தாங்கும். அந்த வேலையை ஒரு ஒட்டுப்பலகை செய்துவிட்டுப் போகட்டும்.

இனி மரத்தைப் பார்ப்பது பற்றி. தொல்காப்பியம் உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும் வெளியே வயிரம் உடையதைப் புல் என்றும் வகுக்கிறது. பழைய சாமான் வாங்குபவன் இந்த இலக்கணத்தை மறக்கக் கூடாது. தேக்கின் உள்வயிரத்தைப் பூச்சி எளிதில் தீண்டாது. அதைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கட்டைதான் அதற்கு இரை. எனவே ஒரு கால் முழுதும் பழுப்பாக இருந்து ஒரு விளிம்பு மட்டும் வெளுத்திருந்தால் அங்கேதான் குண்டூசித் தலையளவுத் துளைகளைத் தேட வேண்டும். துளை இருப்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை. அது ஐம்பது ஆண்டுக்கு முன் வெளியேறிய வண்டின் வாசலாகவும் இருக்கலாம். கட்டையைத் தட்டினால் வெளிர்நிறத்தில் புத்தம்புது மாவு உதிர்கிறதா என்பதே கேள்வி. உதிர்ந்தால் குடியிருப்பவர் இன்னும் காலிசெய்யவில்லை. வீட்டிலுள்ள மற்ற மரங்களுக்கும் அவர் குடிபெயரக்கூடும்.

பழையது என்று சொல்லிப் புதியதை விற்பதும் உண்டு. தேயிலைச் சாயமும் பெர்மாங்கனேட் கரைசலும் ஒரு வாரத்தில் நூறு ஆண்டு மூப்பைக் கொடுத்துவிடும். ஆனால் தேய்மானத்தைப் பொய்யாகச் செய்வது கடினம். உண்மையான தேய்மானம் மனித உடம்பு பட்ட இடத்தில் மட்டுமே இருக்கும். கைப்பிடியின் நுனி, பாதம் வைக்கும் கீழ்ச்சட்டத்தின் நடுப்பகுதி, இழுப்பறை ஓடும் தடம். பொய்த் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக, பாரபட்சமின்றி இருக்கும். இழுப்பறையை முழுதாக வெளியே உருவிப் பாருங்கள். உட்பக்கத்துக்கு யாரும் மெருகிடுவதில்லை, ஆகவே மரம் அங்கே தன் சொந்த முகத்தோடு இருக்கும். அடிப்பக்கத்தில் திருகாணியின் தலையில் கூட்டல்குறி போன்ற பள்ளம் இருந்தால் அது 1930களுக்கு முந்தியதாக இருக்க முடியாது, அல்லது பின்னாளில் பழுதுபார்க்கப்பட்டது. வட்டமேசையென்றால் நாடா வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். மரம் ரேகையின் திசையில் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டில்தான் சுருங்கும். எனவே பல பருவங்கள் கண்ட வட்டமேசை சரியான வட்டமாக இருப்பதில்லை.

பச்சையோ நீலமோ பெயின்ட் அடித்த பழைய சாமான்களில் ஓர் எச்சரிக்கை தேவை. நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017இல்தான். அதற்கு முந்தைய பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கும் தொட்டிலையோ அலமாரியையோ குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவராதிருப்பதே நல்லது. வறட்டுத்தாளால் தேய்த்து அந்தத் தூளை வீடெங்கும் பரப்புவது அதைவிடக் கெடுதல்.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். அம்மாவைப் பார்த்ததும் "வாங்க ஆச்சி, மெதுவா வாங்க, படி இருக்கு" என்று எழுந்து வந்தார். நாங்கள் நகரத்தார் அல்லர். ஆனாலும் அந்த அழைப்பு அம்மாவுக்குப் பிடித்திருந்தது போலும், திருத்தவில்லை.

முதலில் அவர் காட்டியது முகப்பில் போடும் வகையைச் சேர்ந்த ஒரு தோதகத்தி நாற்காலி. கடைத்தெருவில் ரோஸ்வுட் என்றால்தான் மதிப்பு. ஒரு கன அடித் தேக்கு 18 கிலோ என்றால் தோதகத்தி 24 கிலோ அளவுக்கு வரும். அந்த நாற்காலியை இருவர் சேர்ந்துதான் நகர்த்தினார்கள். முதுகுப் பலகை முழுவதும் கொடியும் கிளியுமாகச் செதுக்கியிருந்தது. அம்மா உட்கார்ந்தார், கூன் விழுந்த முதுகில் கிளியின் மூக்கு சரியாகக் குத்தியது. அடுத்தது தோட்டத் துரைமார் கால் நீட்டிப் படுக்கும் நீண்ட கையுள்ள சாய்வு நாற்காலி. ஈசிச்சேரின் பெரியண்ணன். அம்மா அதில் உட்காரவே மறுத்துவிட்டார்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. நீராவியில் வளைத்த மரத்தால் ஆன நாற்காலி. இந்த வகையின் மூலவடிவம் மிகயேல் தோனெட் வியன்னாவில் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள், அவ்வளவுதான். ஒரு கன மீட்டர்ப் பெட்டிக்குள் 36 நாற்காலிகளைப் பிரித்து அடுக்கிக் கப்பலேற்றினார்கள். ஒரு விரலால் தூக்கிவிடலாம். இரண்டறை வீட்டில் வாழ்கிறவர்களுக்கு, லிஃப்டை நம்பியிருப்பவர்களுக்கு, இதைவிடப் பொருத்தமான பழம்பொருள் இல்லை என்றே சொல்வேன். (அசலில் அது பீச் மரம், பூச்சிக்கு விருப்பமானது, துளை பார்த்து வாங்க வேண்டும்.) ஆனால் அதற்குக் கை கிடையாது. அம்மா உட்கார்ந்துவிட்டு, ஊன்ற இடம் தேடி இரண்டு பக்கமும் காற்றைத் துழாவினார். நான் கைகொடுக்க வேண்டியதாயிற்று.

கச்சேரி நாற்காலிகள் பின்கட்டில் கிடந்தன. ஐந்து இருந்தன. நான்கின் இருக்கை உயரம் 18 அங்குலத்துக்குச் சற்று மேலே. அம்மாவின் உயரம் ஐந்தடிக்கும் கீழே. தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை முந்தைய நாளே அளந்து குறித்துவைத்திருந்தேன், 15½ அங்குலம். அந்த நான்கிலும் அவர் கால் தரையில் முழுதாகப் படியவில்லை. பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்த சிறுமி போலக் குதிகால் தொங்கியது. கொஞ்ச நேரத்தில் தொடை மரத்துப்போகும்.

ஐந்தாவது மூலையில் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது.

"அது வேண்டாம் சார். கால அறுத்துட்டானுங்க. எவன் பண்ணுன வேலையோ. கட்டை நல்ல பர்மாத் தேக்கு, அதனாலதான் போட்டு வச்சிருக்கேன். வேணும்னா ஒட்டுக் கால் குடுத்து ஒசத்தித் தர்றேன்."

நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். நான்கு கால்களும் சொல்லி வைத்தாற்போல ஒன்றரை அங்குலத்துக்கு மேல் அறுக்கப்பட்டிருந்தன. கீழ்ச்சட்டம் தரைக்கு மிக அருகில் வந்திருந்தது. அறுத்த கை தேர்ந்த கை, நாற்காலி ஆடவில்லை. அறுபட்ட இடமும் மற்ற மரத்தின் நிறத்துக்குக் கறுத்திருந்தது. ஆகவே இது நேற்று நடந்ததல்ல. இருக்கையின் உயரம் 16½ அங்குலம். பின்சட்டத்தில் வெள்ளை பெயின்டால் 37 என்று ஓர் எண். ஏதோ அலுவலகத்தின் இருப்புக் கணக்கு. அங்கிருந்து ஏலத்தில் ஒரு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் உயரம் குறைந்த யாரோ ஒருவர், கால் எட்டாமல், தச்சரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். சேகரிப்பாளன் கண்ணுக்கு இது ஊனம். பாதி விலைக்குக்கூடப் போகாது.

அம்மா அதில் உட்கார்ந்தார். பாதம் இரண்டும் தரையில் படிந்தன. கைகளின் நுனியைத் தடவிப் பார்த்தார். பல ஆண்டுகள் பல உள்ளங்கைகள் அழுத்தியதில் அந்த நுனிகள் கூழாங்கல்போல் வழவழத்திருந்தன. பிறகு அவற்றை ஊன்றி, யாரையும் கூப்பிடாமல், எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கடைக்காரரும் நானும் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒசத்தித் தரவா ஆச்சி?"

"வேணாம்ப்பா. எனக்குன்னே யாரோ அறுத்து வச்சிருக்காங்க."

விலையைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஏமாந்துவிட்டாய் என்பார்கள் பாதிப் பேர், எனக்கும் ஒன்று வாங்கிக்கொடு என்பார்கள் மீதிப் பேர்.

சென்னைக்கு வந்ததும் இரண்டு வேலைகள் பாக்கியிருந்தன. பிரம்பு நடுவில் தொய்ந்திருந்தது. அதை எண்கோணக் கண்களாகப் பின்னத் தெரிந்தவரைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. வந்தவர் பார்வையற்றவர், அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பின்னிப் பின்னிப் பழகிய விரல்கள். ஈரத்தில் ஊறிய பிரம்பைச் சட்டத்தின் துளைகளில் இழுத்து, விரலால் தட்டி ஒலியைக் கேட்டுத்தான் இறுக்கத்தை முடிவுசெய்தார். "காஞ்சதும் இன்னும் விறைக்கும், ரெண்டு நாள் யாரும் உக்காராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு நாளும் அம்மா அதைக் காவல் காத்தார்.

மெருகுக்கு வந்த தச்சர் புதுமாதிரி லாக்கர் அடித்துப் பளபளப்பாக்கித் தருவதாகச் சொன்னார். நான் ஒப்பவில்லை. பழைய பூச்சு அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பந்தால் பூசியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்தபோது அது இளகிக்கொடுத்ததிலிருந்து தெரிந்தது. அரக்குமேல் அரக்கு பிடிக்கும், பழைய பூச்சைச் சுரண்ட வேண்டியதில்லை. சூடான காப்பித் தம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழும் என்பது ஒன்றுதான் குறை. அதற்கு அம்மா பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டார்.

பின்பக்கம் பூசிக்கொண்டிருந்த தச்சர் நிமிர்ந்து, இந்த நம்பரைத் தேய்த்து எடுத்துவிடட்டுமா, அசிங்கமாக இருக்கிறதே என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."